கல்லா, மூட்டையா

கோத்தகிரி, ஜான்ஸ்டன் சதுக்கம், உரக்கடை மாடி.
இரவு ஒன்பதரைக்கு ஐந்து பேர்
ஒரு துணைத்தலைவரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

தலைவருக்குப் பஞ்சமில்லை.
போஜன்: நாலு ஏக்கர் தேயிலை, கறையில்லாத தலைப்பாகை,
சாவு வீட்டுக்கு முதல் ஆளாய்ப் போகிறவர்.
மைக்கைக் கண்டால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

எங்கள் சங்கத்தில் இருவரும் ஒரே சீட்டில் நிற்க வேண்டும்.
குடைச் சின்னத்தில் ஒரு முத்திரை விழுந்தால்
இருவருக்கும் சேர்த்து விழும்.

கணக்கு என் கையில். நான் செயலாளர்.
ஹட்டிகளில் பாதி நமக்கு,
மறுபாதி லிங்கனின் மச்சினன்மாருக்கு.
கீழ்க்கோத்தகிரி யோசித்துக்கொண்டே இருக்கிறது.
மிச்சம் லைன் வீடுகள்.
கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள்,
இங்கேயே பிறந்தும் எங்கள் வாயில்
இன்னும் சிலோன்காரர்கள்.
அரை ஏக்கர், கால் ஏக்கர், வெறும் கூடை;
ஓட்டு மட்டும் அறுநூறு.

ஆலன் வேண்டாம், போஜனின் ஹட்டியே.
ஹம்சா வேண்டாம், கேரட் மண்டிக்காரர்.
மாதன் வாத்தியார் போஜனைவிட நன்றாகப் பேசுவார்.
அதை யாரும் சொல்லவில்லை.
போஜன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.
பேனா தானாக அடித்தது.

லாரி தர்மன்தான் வாயைத் திறந்தான்:
"ஒரு பக்கமே பாரம் ஏத்தினா
மேட்டுப்பாளையம் வளைவுல வண்டி சாயும்.
அந்தப் பக்கம் மூட்டை இல்லேன்னா
கல்லையாவது போடு."
"பொம்பளையா இருந்தா இன்னும் நல்லது,"
என்றது மூலையிலிருந்து ஒரு குரல்,
"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

புஷ்பராணி என்று எழுதினேன்.
அவள் வீட்டுக்கு எங்களில் ஒருவரும் போனதில்லை.
நினைவிருந்தது ஒன்றுதான்:
போன ஆடியில் எடைத்தட்டில் கையை வைத்துக்கொண்டு
கொட்டகையே கேட்கும்படி அவள் கேட்டது.
"மழை பெஞ்சா நூத்துக்கு எட்டு கிலோ கழிக்கிறீங்க,
வெயில்ல காஞ்சா எட்டு கூட்டுவீங்களா?"

மறுநாள் வந்தாள்.
இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவிலிருந்து
தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.
நாற்காலியைக் காட்டினோம். உட்காரவில்லை.

"நான் கல்லா, மூட்டையா?"

இந்த ஊரில் பேச்சு மூடுபனியைவிட வேகமாக இறங்கும்.
நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
"மூட்டைன்னா கீழ போய் விலை பேசுவீங்க.
கல்லுன்னா ரோட்டோரமா தள்ளிட்டுத் திரும்பிருவீங்க.
கடைசி வளைவுல கிடக்குதே, எண்ணியிருக்கேன்."

விதிப் புத்தகத்தைத் திறந்தேன்.
துணைத்தலைவருக்கு ஒரே ஒரு வரி:
தலைவர் இல்லாத நேரத்தில்.
"அவரு எப்ப இல்லாமப் போவாரு?"
போஜனுக்குப் புரையேறிவிட்டது.

"எனக்கு மேடை வேணாம்.
கழிவுப் புத்தகத்துல என் கையெழுத்து இருக்கணும்.
எழுதிக் குடுங்க."

கழிவில் வாழ்கிறவர்கள் ஏஜெண்டுகள்.
அவர்களில் மூவர் போஜனுக்குச் சித்தப்பா முறை.
அறுநூறு வரும், அறுபது போகும்,
ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
போஜன் என் பக்கம் சாய்ந்து
படுகில் ஏதோ முனகினார்.
அதை நான் இங்கே தமிழில் எழுதப்போவதில்லை.

அவர் படுகிலேயே பதில் சொன்னார்.
நிதானமாக, உச்சரிப்பு பிசகாமல்,
எங்கள் அத்தைமார் பேசுவதுபோல.

சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.
எத்தனை வருஷம், எத்தனை கொட்டகையில்,
அவர் காதுபட நாங்கள் என்னவெல்லாம்
பேசியிருப்போம் என்று
ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நினைக்கத் தொடங்கினோம்.
போஜன் தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்து,
பேனாவுக்காகக் கை நீட்டினார்.

இதெல்லாம் செவ்வாய்க்கிழமை.
இன்று அச்சகத்திலிருந்து போன்.
தலைவர் படம் முக்கால் பக்கம், சரி,
அந்தம்மா படம் எவ்வளவு பெரிசு, சார்?
வழக்கமாய் ஸ்டாம்ப் அளவு வைப்போம்.

சன்னலுக்கு வெளியே தர்மனின் லாரி
கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.
இரண்டு பக்கமும் பாரம்.
இங்கிருந்து பார்த்தால் என்ன பாரமென்று தெரியவில்லை.

அச்சகக்காரர் இன்னும் லைனில் இருக்கிறார்.